சிப்பியும் செவ்வாயும்

2013-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஓட்டப்பிடாரத்தில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில் நாம் பேசினோம். குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பற்றி ஊரார் கூட்டிய கூட்டம் அது. எம்மூர் வானம் பார்த்த கரிசல் பூமி. பெய்தால் சேறு, காய்ந்தால் வெடிப்பு. குடத்தை இடுப்பில் ஏந்தித் தண்ணீர் வண்டிக்குக் காத்திருப்பது எம்மூர்ப் பெண்களுக்குப் பழகிப்போன துயரம். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், நவம்பர் 5-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் விண்ணேகியிருந்தது. நமக்கு வாய்த்தது நல்ல ஒரு முரண். விடுவோமா? "செவ்வாயில் தண்ணீர் இருக்கிறதா என்று தேட 450 கோடி ரூபாய் இருக்கிறது, ஓட்டப்பிடாரத்தில் தண்ணீர் இல்லை என்று தெரிந்திருந்தும் அதற்குப் பணமில்லையா?" என்று முழங்கினோம். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. மேடையை விட்டு இறங்கியபோது பலர் கையைப் பற்றிக் குலுக்கினார்கள். அன்றிரவு மிகுந்த மனநிறைவோடு உறங்கினோம்.

அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் இக்கட்டுரை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதை எடுத்து நிறுத்துப் பார்க்கவேண்டிய கட்டாயம் நமக்கு வீட்டுக்குள்ளேயே நேர்ந்தது.

நம் மகள்வயிற்றுப் பேர்த்தி அப்போது பள்ளிச் சிறுமி. பாட்டனை 'அப்பா' என்றழைப்பது எங்கள் குடும்ப வழக்கம். 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் காலை, சுபுஹுத் தொழுகை முடித்து வந்து நாம் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அவள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் சம்மணமிட்டு அமர்ந்திருந்தாள். மங்கள்யான் செவ்வாயின் மறுபக்கம் சென்று மறைந்துவிட்டது என்றார்கள். அங்கே எஞ்சின் எரிந்ததா இல்லையா என்பது, கலம் மறைவிலிருந்து வெளிவந்து, அதன் குறிப்பொலி ஏறத்தாழ 12 நிமிடம் வானில் பயணம் செய்து பூமிக்கு வந்து சேர்ந்தபின்புதான் தெரியும் என்றார்கள். அந்த நேரம் முழுவதும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாளோ என்று நமக்கு ஐயம். வெற்றி என்ற சொல் கேட்டதும் துள்ளியெழுந்து, "அப்பா, போய்ச் சேர்ந்துடுச்சு!" என்று கூவினாள். "போய்ச் சேர்ந்து என்ன கொண்டுவரப் போகிறது?" என்று கேட்டோம். அவள் முகம் வாடியதை நாம் கவனித்தோம், கவனித்தும் வாளாவிருந்தோம்.

நமக்கு அந்த வாளாவிருத்தல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் மேலே எழுதுவது விளங்கும்.

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் கடைசியாகத் தொடர்ந்து நடந்தது 1955-ஆம் ஆண்டு முதல் 1961 வரையிலாகும். நாம் அப்போது சிறுவர். சலாபக் காலமென்றால் தூத்துக்குடிக் கடற்கரை ஒரு தனி நகரமாகிவிடும். தோணிகளில் வந்திறங்கும் சிப்பிகளைத் திறவாமலே, ஆயிரம் என்ற கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஏலம் எடுத்தவர் அவற்றைக் குவித்து அழுகவிட்டு, புழு அரித்தபின் கழுவி, வண்டலை அரித்து முத்துப் பொறுக்குவார். அந்த நாற்றம் ஊர் எல்லைவரை வரும். நம் வாப்பா எம்மூரில் சிறு மளிகைக்கடை வைத்திருந்தவர். ஓராண்டு அவருக்கும் ஆசை பற்றிக்கொண்டது. உம்மாவின் கைவளை நான்கை விற்றுச் சில ஆயிரம் சிப்பி வாங்கினார். கழுவிப் பார்த்தபோது கிடைத்தவை கடுகளவு முத்துச் சில. ஒரே ஒன்று மிளகளவு. உம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. மௌத்தாகும்வரை அவர் கையில் கண்ணாடி வளையலைத் தவிர வேறு ஒன்றையும் நாம் பார்த்ததில்லை.

"கண்ணுக்குத் தெரியாததை நம்பிக் காசு இறைக்காதே" என்பது அதன்பின் வாப்பா அடிக்கடி கூறிய உபதேசம். ஓட்டப்பிடாரம் மேடையில் பேசியது நம் நாவாயினும், அதில் ஒலித்தது வாப்பாவின் அந்த உபதேசமே.

2025 ஜனவரித் திங்களில் ஒரு நாள் மக்ரிபுக்குப் பின் மொட்டைமாடியில் அமர்ந்திருந்தோம். செவ்வாய் அப்போது பூமிக்கு அண்மையில் இருந்தது. கீழ்வானில் தணல் போலச் சிவந்து எழுந்தது. பேர்த்தி இயற்பியல் இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தாள். அருகில் வந்தமர்ந்து, கோள்களைப் பற்றிய மேற்படிப்புக்கு வடநாட்டில் ஒரு கல்வி நிலையத்துக்கு விண்ணப்பிக்க விரும்புவதாகச் சொன்னாள். அவள் உம்மாவிடம் சொல்லியாயிற்றாம், வாப்பாவிடமும் சொல்லியாயிற்றாம். இருவரும் "அப்பாவிடம் கேள்" என்று கைகாட்டிவிட்டார்களாம். அதன் பொருள் நமக்கு விளங்கிற்று. அவள் நிக்காஹுக்கென்று பன்னிரண்டு பவுன் நகை நம் பொறுப்பில் பெட்டியில் இருந்தது. அதில் கைவைத்தாலன்றி அந்தப் படிப்பு நடவாது.

"செவ்வாயைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்றோம். பத்தாண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்விதான். இம்முறை அவள் முகம் வாடவில்லை. "அப்பா, நீங்க அன்னைக்கு மேடையில 450 கோடின்னு சொன்னீங்களே, அந்தக் கணக்கை முழுசாப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்ததில்லை என்பதே உண்மை. செய்தித்தாளின் தலைப்பைத்தான் பார்த்திருந்தோம். வாப்பாவின் கடைப் பேரேட்டை நாற்பதாண்டுகள் எழுதிய நமக்கு அது தலைகுனிவாகப் பட்டது. மறுநாள் முதல் கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

மத்திய அமைச்சரவை அத்திட்டத்துக்கு இசைவளித்தது 2012 ஆகஸ்டில். அவ்வாண்டு சுதந்திர நாள் உரையில் பிரதமர் மன்மோகன் சிங் அதனை நாட்டுக்கு அறிவித்தார். 450 கோடி என்பது பெருந்தொகையே. ஆனால் 2013-14-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 16 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். ஓராண்டுச் செலவோடு ஒப்பிட்டாலே பதினாயிரம் ரூபாயில் 3 ரூபாய்க்கும் குறைவு. நூற்றிருபத்தைந்து கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 4 ரூபாய் வராது. அந்தப் பணத்தை எவரும் செவ்வாய்க்கு எடுத்துச் சென்று கொட்டவில்லை. திருவனந்தபுரத்திலும் பெங்களூரிலும், நம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியிலும் உழைத்தவர்களின் ஊதியமாகவும், தொழிற்கூடங்களுக்குக் கூலியாகவும் அது இம்மண்ணிலேயே செலவாயிற்று.

செலவு குறைந்ததற்குக் காரணம் உண்டு. நேராகச் செவ்வாய்க்கு எறியும் ஆற்றல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்குக் கிடையாது. ஆகவே கலத்தை முதலில் பூமியைச் சுற்றவிட்டு, ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக உந்தி உயர்த்துவதுபோல, எஞ்சினைப் பல முறை இயக்கிச் சுற்றுப்பாதையை நீட்டினார்கள். நவம்பர் 11-ஆம் நாள் ஓர் உந்துதல் குறைப்பட்டது, மறுநாளே சரிசெய்தார்கள். டிசம்பர் முதல் நாள்தான் கலம் பூமியின் பிடியை விட்டு நீங்கியது. கிளம்பும்போது 1,337 கிலோ எடை. அதில் 850 கிலோவுக்கு மேல் எரிபொருள். ஆய்வுக்கருவிகள் ஐந்தும் சேர்ந்து 15 கிலோ அளவே. கலத்தின் உடற்கூட்டையும் புதிதாக வரையாமல், சந்திரயானுக்கு அமைத்ததையே தழுவிக்கொண்டார்கள். திட்ட இயக்குநராய் நின்று நடத்திய சுப்பையா அருணன் நம் நெல்லை மாவட்டத்துக்காரர் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

அவசரமும் ஏலச்சந்தை அவசரமன்று. பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலையில் அமைவது ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை. அந்த வாசல் அடைபட்டால் மீண்டும் திறக்க ஈராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். நம் கடலிலும் அப்படித்தான். வாடைக்கும் கோடைக்காற்றுக்கும் இடையே கடல் அமைந்திருக்கும் சில வாரங்களில் குளிக்காவிட்டால் அவ்வாண்டு சலாபம் இல்லை.

இன்னொரு செய்தி நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ராக்கெட்டின் கடைசிக் கட்டம் தென்பசிபிக் கடலின்மேல் எரியும்போது அதைக் கண்காணிக்கத் தரையில் நிலையம் இல்லை. ஆகவே இந்தியக் கப்பல் கழகத்தின் 'நாளந்தா', 'யமுனா' என்ற இரு கப்பல்களில் கருவிகளை ஏற்றி அனுப்பினார்கள். கொந்தளிப்பால் நாளந்தா குறித்த இடத்தை அடையத் தாமதமாயிற்று. அக்டோபர் 28-ஆம் நாள் நிகழவிருந்த ஏவுதல், அந்தக் கப்பலுக்காகவே நவம்பர் 5-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. செவ்வாய்க்குப் போகும் கலமும் ஒரு கப்பலுக்காகக் காத்துநின்றது.

கப்பல் என்றதும் ஓட்டப்பிடாரத்துக்காரருக்கு நினைவு வேறெங்கும் போகாது. 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் வ.உ. சிதம்பரம் பிள்ளை பிறந்தது இவ்வூரில்தான். 1906-இல் அவர் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அதன் மூலதனம் பத்து லட்ச ரூபாய் என்று வகுத்தார். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற பெருந்தனக்காரர் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்ச ரூபாய் எடுத்துவைத்தார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் தலைவராயிருந்தார். எஞ்சிய பங்குகளைச் சிறு வணிகரும் வக்கீல்களும் சேமிப்பைத் திரட்டி வாங்கினார்கள். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்தன.

அந்நாளில் இச்சீமையில் பசியில்லாமலா இருந்தது? கிணறு வெட்ட வேண்டிய ஊர்கள் இல்லாமலா இருந்தன? "அந்தப் பணத்துக்கு ஊருக்கு நூறு கிணறு வெட்டலாமே" என்று பக்கீர் சேட்டிடம் நம்மைப்போன்ற ஒருவர் மேடையேறிக் கேட்டிருந்தால் அதற்கும் கைதட்டல் கிடைத்திருக்கும். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் கழுத்தை நெரித்தது. 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கின்படி அது நட்டமேயாகும். எனினும் ஓட்டப்பிடாரத்தில் எவரும் இன்றுவரை அதை நட்டம் என்று சொல்லி நாம் கேட்டதில்லை. நாமே அந்த இல்லத்தின் வாசலில் நின்று எத்தனை முறை பெருமை பேசியிருக்கிறோம்! பாட்டன் காலத்துக் கப்பலுக்குப் பெருமையும் பேர்த்தி காலத்துக் கலத்துக்கு ஏளனமும் ஒரே நாவிலிருந்து வருவது எப்படி நியாயமாகும்?

இவ்வளவும் கூறியதால், நாம் எதிர்க்கட்சியிலிருந்து ஆளுங்கட்சிக்குத் தாவிவிட்டதாக வாசகர்கள் எண்ணவேண்டா. கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தோம். மங்கள்யான் ஆறு மாதத்துக்கென்று அனுப்பப்பட்டு, எட்டாண்டுக் காலம் செவ்வாயைச் சுற்றியது. 2022-இல் தொடர்பு அற்றது. அது வரவு. ஆனால் செவ்வாயின் காற்றில் மீத்தேன் வாயுவை அளக்கச் சென்ற கருவியால் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. அது பற்று. 1999-இல் அமெரிக்கர் அனுப்பிய கலமொன்று, ஒரு சாரார் மெட்ரிக் அளவிலும் மற்றொரு சாரார் பழைய ஆங்கில அளவிலும் கணக்கிட்டதால் செவ்வாயை அடைந்தும் அழிந்தது. அங்கிருந்து கல்லும் மண்ணும் எடுத்துவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகலாம், 2040-க்கு முன் வந்துசேராது என்று கண்டு, 2024-இல் நாசாவின் தலைவரே அதனை ஏற்கவியலாது, வேறு வழி தேடுக என்று அறிவித்தார். செல்வம் மிக்க நாடும் கணக்குக் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

சுதேசிக் கப்பலுக்குப் பணம் கொடுத்தவர் தாமே முன்வந்து கொடுத்தார். வரிப்பணம் அப்படியன்று, தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரப் பெண்ணும் அவளைக் கேளாமலே அதில் பங்குதாரர் ஆகிவிடுகிறாள். ஆகவே அவளுக்கு வெற்றியோடு தோல்வியையும் ஒளியாமல் சொல்லும் கடமை, செலவழிப்பவருக்கு உண்டு. 1979 ஆகஸ்ட் 10-ஆம் நாள் அப்துல் கலாம் நடத்திய எஸ்.எல்.வி. ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தபோது, தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர் முன் தாமே சென்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ஆம் நாள் வெற்றி கிட்டியபோது கலாமைப் பேசச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பொதுப்பணத்தைக் கையாளும் ஒழுக்கத்துக்கு நாம் அறிந்த நல்ல சான்று அது.

இந்த நினைவுகளோடு பேர்த்தியை அழைத்து, "நீ கேட்டபடி கணக்குப் பார்த்தோம். இனி உன் கணக்கைக் காட்டு" என்றோம். விளையாட்டாகத்தான் கேட்டோம். அவள் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கல்விக்கட்டணம், விடுதி, உணவு, ஆண்டுக்கு இருமுறை ஊர் வந்துபோகும் ரயில் செலவு என்று ஒருபுறம் எழுதியிருந்தாள். மறுபுறம், உதவித்தொகை கிடைத்தால் எவ்வளவு மிஞ்சும், கிடைக்காவிட்டால் எவ்வளவு குறையும் என்று எழுதியிருந்தாள். அடியில், 'முதலாண்டில் நல்ல மதிப்பெண் வராவிட்டால் திரும்பிவந்து ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்வேன். அதுவரை செலவாகும் தொகை நான்கு பவுனுக்கு மேல் போகாது' என்று ஒரு வரி.

அந்த வரியை நாம் இரண்டு முறை படித்தோம். வாப்பாவின் சிப்பிகள் நினைவுக்கு வந்தன.

சலாபம் நடத்தும் அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு நடத்தியதில்லை. முன்கூட்டியே முத்துப் பார்களுக்கு ஆளனுப்பி, மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றின் முதிர்ச்சியைப் பார்த்து, முத்துக்களை மதிப்பிட்டு, தேறும் என்று கண்டபின்புதான் சலாபம் அறிவிக்கும். தேறாத ஆண்டில் கடலை உறங்கவிடும். வாப்பா மாதிரி பார்க்கவில்லை. தாங்கக்கூடிய நட்டம் எவ்வளவு என்றும் வகுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வாங்கினார் என்று வாங்கினார். கண்ணுக்குத் தெரியாததை நம்பியது அவர் பிழையன்று. கடலுக்குள் இருப்பது எவர் கண்ணுக்குத்தான் தெரியும்? அளந்து பாராமல் இறங்கியதே பிழை. அறுபதாண்டுகளுக்கு மேலாக அந்த நட்டத்திலிருந்து தவறான பாடத்தைப் படித்து, அதைப் பிள்ளைகளுக்கும் புகட்டி வந்திருக்கிறோம். செவ்வாய்க்கு மனிதர் போகுமுன் இயந்திரங்களை அனுப்புவதும் மாதிரிச் சிப்பி எடுக்கும் அந்த வேலையே என்பது அப்போது புலனாயிற்று. பேர்த்தி தன் வாழ்க்கைக்கும் அப்படியொரு மாதிரி எடுத்துக்காட்டியிருந்தாள்.

ராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை சென்னையில் எம்.ஐ.டி.யில் சேரப் பணமின்றி நின்றபோது, அவர் தமக்கையார் தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்துக் கொடுத்தார் என்பதைக் கலாம் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இந்நாட்டின் ராக்கெட் வரவுசெலவுக் கணக்கில் அந்த வளையல்கள் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. ஆயினும் அவையும் முதலீடே.

நிக்காஹ் நகையைத் தொடுவது எளிதாக நடந்துவிடவில்லை. மருமகன் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. "நாளைக்கு ஒரு வரன் வந்தால் என்ன பதில் சொல்வீங்க, மாமா?" என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் விடையில்லை, இன்றும் இல்லை. மகள்தான் பெட்டியைத் திறந்து நான்கு பவுனை எடுத்து மேசைமேல் வைத்தாள். எஞ்சிய எட்டுப் பவுன் பெட்டியிலேயே இருக்கிறது. அது பேர்த்தியே வகுத்த எல்லை. நாம் வாப்பாவின் பழைய டப்பாவிலிருந்து அந்த மிளகளவு முத்தை எடுத்துவந்தோம். விற்றால் பெரிதாக ஒன்றும் பெறாது. விற்பதற்காகக் கொடுக்கவில்லை. "இதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை மறவாதே" என்று சொல்லி அவள் கையில் வைத்தோம். ஜூலையில் ரயிலேறிப் போய்விட்டாள்.

குலசேகரப்பட்டினத்தில், நம் மாவட்டக் கரையிலேயே, நாட்டின் இரண்டாம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும். இங்கிருந்து நேரே தெற்குக் கடலின்மேல் போகலாம். சிறு ராக்கெட்டுகளுக்கான தளம் அது. அங்கிருந்து எவரும் செவ்வாய்க்குப் போகப்போவதில்லை. ஆனால் அதைக் குறித்தும் ஊரில் கூட்டங்கள் நடக்கும். பேச நம்மையும் அழைப்பார்கள். என்ன பேசுவதென்று இப்போதே தீர்மானித்திருக்கிறோம்.

குடிநீர் கேட்போம். அதில் ஒரு சொல்லும் குறைக்கமாட்டோம். தண்ணீர் வண்டிக்குக் காத்துநிற்கும் பெண்ணின் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றின் கதவைத் தட்டுவோம். செவ்வாயைக் காட்டிக் கைதட்டல் வாங்கும்போது அந்த அலுவலகங்கள் நிம்மதியாக உறங்கிவிடுகின்றன என்பதை 2013-இல் நாம் உணரவில்லை. அன்று நம் பேச்சால் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக எம்மூருக்கு வரவில்லை. ஒரு சிறுமியின் முகம் வாடியதுதான் கண்ட பலன். மேடையில் செய்த பிழையை மேடையில் திருத்துவதே முறை. கூட்டம் கூடும்வரை காத்திருக்க வயது இடந்தருமோ என்றஞ்சி இவ்வேட்டில் திருத்திக்கொள்கிறோம்.

சென்ற வாரம் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. முதல் தேர்வில் ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டதாம். ஒளிக்காமல் சொன்னாள். "அடுத்த உந்துதலில் சரிசெய்துகொள்" என்றோம். இன்ஷா அல்லாஹ், செய்துகொள்வாள்.